தரம் 7 மகளுக்கும் 15 வயது மகனுக்கும் போன்: எதை, எந்த ஒழுங்கில் பூட்டுவது?

வெள்ளவத்தை_அம்மா எழுதியது:

வணக்கம். மகளுக்கு 12 வயது, தரம் 7. மகனுக்கு 15, அடுத்த வருஷம் ஓஎல் பரீட்சை. மகளின் கையில் இருப்பது என்னுடைய பழைய சாம்சங், என் ஜிமெயிலிலேயே ஓடுது. மகனுக்குத் தனிப் போன். இன்ஸ்டகிராம், டிக்டொக், ஃப்ரீ ஃபயர் மூன்றும் உண்டு. வீட்டில் ஃபைபர், வெளியே இருவருக்கும் பிரீபெய்ட் டேட்டா.

ரியூசன் நோட்ஸ், பாடசாலை அறிவித்தல், வேன்காரரின் செய்தி எல்லாமே வட்ஸ்அப்பில்தான் வருது. அதனால் "போனை வாங்கி அலுமாரியில் வையுங்க" என்ற பதில் வேண்டாம். எனக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான். ஃபமிலி லிங்க் (கூகுளின் பெற்றோர் கட்டுப்பாட்டுச் செயலி) போட்டால் போதுமா, அதில் எங்கே ஓட்டை? 200 பேர் இருக்கிற ரியூசன் குரூப்பில் பிள்ளையின் நம்பரை மறைக்க வழி உண்டா? மகன் கணக்குத் திறக்கும்போது பிறந்த வருஷத்தைக் கூட்டிப் போட்டிருந்தால் இப்ப என்ன செய்யலாம்? கடைசியாக, ஒரு பிள்ளையின் படத்தை வைத்து யாராவது மிரட்டினால் முதல் ஒரு மணித்தியாலத்தில் என்ன செய்ய வேணும், யாரிடம் சொல்ல வேணும், தமிழில் சொல்லலாமா?

பம்பலப்பிட்டி_டெக் எழுதியது:

மகளின் போனிலிருந்து தொடங்குங்க அக்கா. அதில் உங்கள் ஜிமெயில் இருக்கும்வரை எந்தப் பூட்டும் வேலை செய்யாது. கூகுளைப் பொறுத்தவரை அந்தப் போனை வைத்திருப்பது வளர்ந்த ஆள். பிளே ஸ்டோர் எல்லா வயதுக் கேமையும் காட்டும். யூடியூப் உங்கள் வயதைப் பார்த்து வீடியோ கொண்டுவரும். உங்கள் கூகுள் போட்டோஸ் முழுக்கப் பிள்ளையின் கையில் இருக்கும். பிளே ஸ்டோரில் வங்கி அட்டை சேர்த்திருந்தால் அதுவும்தான்.

ரீசெட் பண்ணித்தான் தொடங்க வேணும். ஆனால் அவசரப்பட்டு அழுத்திடாதீங்க. அந்தப் போனின் வட்ஸ்அப் பேக்கப் உங்கள் ஜிமெயிலோடு கட்டியிருக்கும். புதுக் கணக்கில் போனை எழுப்பினால் அது திரும்ப வராது. ஆகவே தேவையான நோட்ஸ், பிடிஎஃப் எல்லாவற்றையும் முதலில் கணினிக்கோ டிரைவுக்கோ மாற்றுங்க. பிறகு செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ் போய் உங்கள் ஜிமெயிலைக் கழற்றுங்க. இதை மறந்தால், சில வேளை ரீசெட் முடிந்ததும் பழைய கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டுப் போன் அப்படியே நிற்கும். அதற்குப் பிறகு ஜெனரல் மனேஜ்மென்ட், ரீசெட், ஃபக்டரி டேட்டா ரீசெட்.

போன் திரும்ப எழும்பும்போது "கிரியேட் அக்கவுன்ட்" என்பதில் பிள்ளைக்கான கணக்கு என்று தெரிவு செய்து, உண்மையான பிறந்த திகதியைக் கொடுங்க. 13 வயதுக்குக் குறைந்தால் பெற்றோரின் கணக்கைக் கேட்கும். அந்த இடத்தில் உங்கள் ஜிமெயில். உங்கள் போனில் ஃபமிலி லிங்க் செயலியைப் போட்டால் பிள்ளையின் பெயர் தெரியும். அதற்குள் நான் மாற்றச் சொல்வது: புதிய செயலி எதற்கும் உங்கள் அனுமதி வேணும் என்ற நிலை, "அன்னோன் சோர்சஸ்" நிறுத்தம் (பிளே ஸ்டோருக்கு வெளியே ஏபிகே கோப்பாக வருகிற கேம் எல்லாம் இந்த வாசலால்தான் நுழையும்), இரவு 9 முதல் காலை 5.30 வரை டவுன்டைம் (போன் தானாகப் பூட்டிக்கொள்ளும் நேரம்). குரோமில் பாலியல் தளங்களைத் தடுக்கும் தெரிவு. யூடியூபில் மூன்று மட்டம் இருக்கு. "எக்ஸ்ப்ளோர்" 9 வயதுக்கு மேல், "எக்ஸ்ப்ளோர் மோர்" 13க்கு மேல், மூன்றாவது கிட்டத்தட்ட முழு யூடியூப். தரம் 7க்கு முதல் மட்டத்தில் தொடங்குங்க. பாட வீடியோ ஏதாவது அடைபட்டால் பிறகு பார்க்கலாம்.

இனி ஓட்டைகள். ஃபமிலி லிங்க் வாசல்காரன் மட்டும்தான். எந்தச் செயலி உள்ளே வரலாம், எத்தனை மணிவரை என்று பார்க்கும். செயலிக்குள்ளே யார் என்ன பேசுகிறார் என்று அதற்குத் தெரியாது. குரோமில் போட்ட தடை வேறு பிரவுசருக்குப் பொருந்தாது, அதனால் வேறு பிரவுசர் கேட்டால் அனுமதி கொடுக்காதீங்க. ஒருமுறை அனுமதித்த செயலி அப்டேட்டில் புதிதாக சட் வசதி கொண்டுவந்தாலும் உங்களைத் திரும்பக் கேட்காது. எல்லாவற்றையும் விடப் பெரிய ஓட்டை உங்கள் போனின் பின் இலக்கம். பிள்ளைக்கு அது தெரிந்தால், நீங்க சமைக்கும் நேரத்தில் உங்கள் போனை எடுத்துத் தனக்குத் தானே அனுமதி கொடுத்துவிடும். இன்றைக்கே மாற்றுங்க, பிறந்த வருஷம் வேண்டாம். கைரேகைப் பட்டியலையும் பாருங்க. கேம் விளையாடக் கொடுத்த காலத்தில் பிள்ளையின் விரலும் அதில் ஏறியிருக்கலாம்.

வரவேற்பறை டிவியை மறக்காதீங்க. போனுக்கு இவ்வளவும் செய்துவிட்டு, ஸ்மார்ட் டிவியின் யூடியூபில் அப்பாவின் கணக்கு திறந்து கிடக்கிற வீடுதான் கூட.

நோட்ஸ்_குரூப்_அட்மின் எழுதியது:

வட்ஸ்அப் விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்றேன்.

வட்ஸ்அப்பில் சொந்தக் கணக்குக்கு 13 வயது. மகளுக்கு இன்னும் வரவில்லை. அதற்கு நல்ல வழி, அவவின் சிம்மை உங்கள் போனின் இரண்டாவது இடத்தில் போட்டு, வட்ஸ்அப்பிலேயே இரண்டாவது கணக்காகச் சேர்ப்பது. அண்ட்ரொய்டில் செட்டிங்ஸ் திறந்து, உங்கள் பெயருக்குப் பக்கத்தில் உள்ள அம்புக்குறியைத் தொட்டால் "அட் அக்கவுன்ட்" வரும். வகுப்புக் குரூப்கள் அந்தக் கணக்கில் இருக்கட்டும். நோட்ஸை டிரைவில் ஒரு ஃபோல்டரில் போட்டு மகளின் கணக்குக்குப் பகிருங்க. "லிங்க்ட் டிவைசஸ்" மூலம் உங்கள் வட்ஸ்அப்பைப் பிள்ளையின் டப்லட்டில் திறந்துவிடும் வேலை வேண்டாம். உங்கள் குடும்பக் கதை, வங்கிச் செய்தி எல்லாம் அங்கேயும் போகும்.

நம்பரை மறைப்பது: சாதாரண குரூப்பில் முடியாது. 200 பேர் இருந்தால் 200 பேருக்கும் தெரியும், விட்டுப்போன பழைய மாணவர், யாரோ ஒருவரின் மாமா உட்பட. ஆனால் வட்ஸ்அப் கொமியூனிட்டியின் (பல குரூப்களை ஒன்றாகச் சேர்த்து வைக்கும் வசதி) அறிவித்தல் பகுதியில் உறுப்பினரின் நம்பர் அட்மின்மாருக்கும், ஏற்கனவே சேமித்து வைத்தவர்களுக்கும் மட்டும்தான் தெரியும். ஆகவே சேரிடம் போய்க் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "சேர், குரூப்பைக் கொமியூனிட்டிக்குள் கொண்டுவந்து, நோட்ஸை அறிவித்தல் பகுதியில் போடுங்க." பத்து நிமிஷ வேலை. அதோடு அழைப்பு லிங்கை மாதம் ஒருமுறை "ரீசெட் லிங்க்" கொடுத்து மாற்றச் சொல்லுங்க. ஒரு முறை பேஸ்புக்கில் போட்ட லிங்க் மாற்றாமல் விட்டால் வருஷக்கணக்கில் திறந்தே இருக்கும். யார் யார் அதனால் வந்தார் என்று ஒருவருக்கும் தெரியாது.

மகனின் போனில் செட்டிங்ஸ், பிரைவசி, குரூப்ஸ் போய் "மை கொன்டக்ட்ஸ்" ஆக்குங்க. அதற்குப் பிறகு அறிமுகமில்லாதவர் நேரே குரூப்பில் சேர்க்க முடியாது, அழைப்புத்தான் வரும். புரொஃபைல் படம், லாஸ்ட் சீன், ஸ்டேடஸ் மூன்றும் அதே மாதிரி. கோல்ஸ் என்பதில் "சைலன்ஸ் அன்னோன் கோலர்ஸ்". ஸ்டோரேஜ் அன்ட் டேட்டாவில் படம், வீடியோ தானாக இறங்குவதை நிறுத்துங்க. குரூப்பில் யாரோ போடும் ஆபாச வீடியோ பிள்ளையின் கலரியில் போய் உட்கார்வது இதனால்தான்.

டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் கட்டாயம். அக்கவுன்ட் என்பதற்குள் இருக்கு, 6 இலக்கப் பின் கேட்கும். மீட்பு மின்னஞ்சலாக உங்களுடையதைக் கொடுங்க. வழமையான பிடி இப்படி வரும்: வகுப்புத் தோழனின் நம்பரிலிருந்தே "மச்சான், தவறி உன் நம்பருக்கு ஒரு கோட் வந்திருக்கும், அனுப்பு" என்று செய்தி. தோழனின் கணக்கு ஏற்கனவே போய்விட்டது, அடுத்தது உங்கள் பிள்ளையுடையது. எஸ்எம்எஸ்ஸில் வரும் 6 இலக்கத்தை யாருக்கும் கொடுக்கக் கூடாது, கேட்பது அண்ணனே ஆனாலும்.

சூம் வகுப்பு: பெயர் இடத்தில் முழுப் பெயர், பாடசாலை, தரம், இருக்கும் இடம் எல்லாம் சேர்த்து எழுதும் பழக்கம் இருக்கு. முதற் பெயரும் வகுப்பு இலக்கமும் போதும். சட் "ஹோஸ்ட் ஒன்லி" ஆக இருக்கிறதா என்று ஒரு தரம் பக்கத்திலிருந்து பாருங்க. இல்லாவிட்டால் வகுப்பு நடக்கும்போதே ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்குத் தனியாக எழுதலாம், ஆசிரியருக்குத் தெரியாது.

ரவுட்டர்_தம்பி எழுதியது:

வீட்டு வைஃபைக்கு ஒரு இலவச வடிகட்டி போடலாம். கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் குடும்ப டிஎன்எஸ் (தளத்தின் பெயரை இணைய முகவரி இலக்கமாக மாற்றும் சேவை): முதலாவது 1.1.1.3, இரண்டாவது 1.0.0.3. ஆபாசத் தளங்களையும் வைரஸ் தளங்களையும் இது மறிக்கும். 1.1.1.2 வைரஸ் தளங்களுக்கு மட்டும், 1.1.1.1 எதையும் மறிக்காது. கடைசி இலக்கத்தைக் கவனமாகப் போடுங்க.

வைஃபையில் இருந்துகொண்டு பிரவுசரில் 192.168.1.1 (சில ரவுட்டருக்கு 192.168.0.1) அடித்தால் ரவுட்டரின் பக்கம் திறக்கும். பெயரும் பாஸ்வேர்டும் ரவுட்டரின் அடியில் ஸ்டிக்கரில் இருக்கும். பிள்ளையும் வாசிக்கும் என்பதால் உள்ளே போனதும் முதல் வேலை அந்தப் பாஸ்வேர்டை மாற்றுவது. பிறகு லேன், அதற்குள் டிஎச்சிபி, அங்கே டிஎன்எஸ் இரண்டு பெட்டி. சேமித்துவிட்டு ரவுட்டரை ஒருமுறை நிறுத்திப் போடுங்க, போன்களும் வைஃபையை விட்டுத் திரும்பச் சேர வேணும்.

பிழை வருகிற இடங்கள் மூன்று. முதலாவது, இரண்டாவது பெட்டியில் பழைய 8.8.8.8ஐ (எதையும் மறிக்காத கூகுள் டிஎன்எஸ்) அப்படியே விடுவது. போன் இரண்டில் எதையும் கேட்கும், ஆகவே பாதி நேரம் மறிக்கும், பாதி நேரம் விடும்; "வடிகட்டி சரியில்லை" என்று எல்லாரும் சொல்வது இதைத்தான். இரண்டாவது, ஐபிவி6 என்ற புதிய வகை இணைய முகவரி. ரவுட்டர் அதற்குத் தனி டிஎன்எஸ் கொடுத்தால் வடிகட்டியைச் சுற்றிப் போய்விடும். அங்கே 2606:4700:4700::1113, 2606:4700:4700::1003 போடுங்க. மூன்றாவது, சில ரவுட்டரில் அந்தப் பெட்டியே பூட்டியிருக்கும். அப்படியானால் ஒவ்வொரு போனிலும் வைஃபை பெயரை அழுத்தி, ஐபி செட்டிங்ஸை "ஸ்டட்டிக்" ஆக்கி அங்கே போட வேணும்.

டேட்டாவில் போனால் இது எதுவும் இல்லை. விபிஎன் (தடையைச் சுற்றிப் போக வைக்கும் செயலி) போட்டாலும் இல்லை. 2018 மார்ச்சிலும், 2019 ஏப்ரலிலும், 2022 ஏப்ரலிலும் அரசாங்கம் சமூக வலைத்தளங்களை முடக்கியபோது நாடே விபிஎன் பழகிவிட்டது, பிள்ளைகளுக்குப் புதிதாகச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. விபிஎன், புரொக்சி தளங்களையும் சேர்த்து மறிக்க வேணும் என்றால் கிளீன்பிரவுசிங்கின் குடும்ப வடிகட்டி, 185.228.168.168 மற்றும் 185.228.169.168. அது யூடியூபையும் கட்டுப்பட்ட நிலையில் வைக்கும். அதாவது வீட்டில் எல்லாருக்கும் கொமென்ட் தெரியாது, சில வீடியோவும் வராது. அப்பா கத்துவார், முன்கூட்டியே சொல்லி வையுங்க.

வெள்ளவத்தை_அம்மா எழுதியது:

மிக்க நன்றி. ரவுட்டர் இன்றிரவே. மகனின் விஷயத்தில் ஒரு கேள்வி கூட: அவனுக்குத் தெரியாமல் செய்திகளை எல்லாம் என் போனுக்கு அனுப்பும் செயலி ஒன்றைப் போடச் சொல்லித் தெரிந்தவர் ஒருவர் சொல்றார். போடலாமா?

தெஹிவளை_ஆலோசகர் எழுதியது:

போடாதேங்கோ. ஒழுக்கம் ஒரு பக்கம் இருக்கட்டும், முதலில் அது எப்படி ஏறுது என்று பாருங்கோ. அப்படியான செயலிகள் அநேகமாகப் பிளே ஸ்டோரில் இருக்காது. ஏபிகேயாக இறக்கி, பிளே புரொடெக்ட் என்ற கூகுளின் பாதுகாப்புச் சோதனையை நிறுத்தி, திரையில் உள்ளதை எல்லாம் வாசிக்க விடும் அக்ஸசிபிலிட்டி அனுமதி கொடுத்துத்தான் போட வேணும். உங்கட மகன்ட படம், செய்தி, இருக்கிற இடம் எல்லாம் எந்த நாட்டில் என்று தெரியாத ஒரு சேர்வருக்குப் போகும். வெளி ஆள் பார்க்கக் கூடாது என்று தொடங்கி, நீங்களே வெளி ஆளுக்குத் திறந்துவிட்ட கதையாகும். 15 வயதுப் பெடியன் அதைக் கண்டுபிடிக்க ஒரு கிழமை போதும். அடுத்தது தோழன்ட பழைய போனில் இரண்டாவது கணக்கு, அது உங்களுக்கு எந்தக் காலமும் தெரியவராது.

வயதை முதலில் சரிபாருங்கோ. இன்ஸ்டகிராமில் அக்கவுன்ட்ஸ் சென்டர், பேர்சனல் டீடெய்ல்ஸ், பேர்த்டே. அதில் 18க்கு மேல் என்று இருந்தால் "டீன் அக்கவுன்ட்" பாதுகாப்பு ஒன்றும் அவனுக்கு இல்லை. அந்தப் பாதுகாப்பு 2024 செப்டெம்பரில் சில நாடுகளில் தொடங்கிப் பிறகு மற்ற நாடுகளுக்கும் வந்தது: கணக்கு தானாகவே பிரைவேட், அவன் பின்தொடராத, தொடர்பில்லாத ஆள் செய்தி அனுப்ப முடியாது, இரவு 10 முதல் காலை 7 வரை அறிவிப்பு அமைதி, 60 நிமிஷத்தில் நினைவூட்டல். 16க்குக் குறைந்த பிள்ளை இவற்றைத் தளர்த்த வேணுமென்றால் பெற்றோரின் சம்மதம் தேவை. 15 வயது என்றபடியால் உங்களுக்கு இன்னும் கொஞ்சக் காலம்தான் அந்தப் பிடி இருக்கு, வீணாக்காதேங்கோ. திகதியைத் திருத்திப்போட்டு, ஃபமிலி சென்டரில் இருந்து மேற்பார்வை அழைப்பு அனுப்புங்கோ, அவன் ஏற்க வேணும். செய்தியின் உள்ளடக்கம் உங்களுக்குத் தெரியாது. கடைசி 7 நாளில் யாரோடு பேசினான் என்ற பட்டியல் தெரியும். எனக்கு அது போதுமான அளவாகப் படுது. முழுக்கத் தெரிந்தால் நீங்களும் நித்திரை கொள்ள மாட்டீங்கள்.

டிக்டொக்கில் செட்டிங்ஸ் அன்ட் பிரைவசிக்குள் "ஃபமிலி பெயரிங்". இருவர் போனிலும் டிக்டொக் வேணும், ஒருவரின் கியூஆர் குறியை மற்றவர் ஸ்கேன் பண்ணினால் இணையும். அவன் அதை அறுத்தால் உங்களுக்கு அறிவிப்பு வரும். 16க்குக் குறைந்த கணக்குக்கு அங்கே நேரடிச் செய்தியே கிடையாது. அவனுக்கு இன்பொக்ஸில் நேரடிச் செய்தி வருது என்றால் பிறந்த வருஷம் பொய் என்று விளங்கிக்கொள்ளுங்கோ, கேட்டுச் சண்டை பிடிக்கத் தேவையில்லை. திகதியை அங்கே தானே மாற்ற முடியாது, உதவிப் பகுதிக்கு எழுத வேணும். சுருக்கமான வழி சரியான வயதில் புதுக் கணக்கு. ஃபொலோவர்ஸ் போகுது என்று அழுவான். அதுக்குத் தயாராக இருங்கோ.

ஃப்ரீ ஃபயரைப் பெற்றோர் விளையாட்டாகவே பார்க்கினம், உண்மையில் அது குரல் வசதியுள்ள ஒரு சட் அறை. ஆபத்து வருகிற ஒழுங்கு பெரும்பாலும் ஒன்றுதான். அணியில் சேர்த்துக்கொள்வார், நல்லா விளையாடுறாய் என்பார், டயமண்ட் (கேமுக்குள் செலவழிக்கும் காசு) வாங்கித் தருவார், பிறகு "இங்க வேண்டாம், வட்ஸ்அப்புக்கு வா, டெலிகிராமுக்கு வா". இந்த இடமாற்றம்தான் மணி அடிக்க வேண்டிய இடம். "கேமில் அறிமுகமான ஆள் வேறு செயலிக்குக் கூப்பிட்டால் என்னட்ட ஒருக்கா சொல்லு, போனை வாங்க மாட்டன்" என்று அவனுக்குச் சொல்லி வையுங்கோ. சொன்ன பிறகு உண்மையாகவே வாங்கக் கூடாது. ஒருமுறை வாங்கினால் இரண்டாம் முறை சொல்ல மாட்டான். "ஃப்ரீ டயமண்ட்" லிங்க் எல்லாம் பேஸ்புக் பாஸ்வேர்டைப் பிடிக்கும் பொறி. பிளே ஸ்டோரில் ஒவ்வொரு கொள்வனவுக்கும் பாஸ்வேர்ட் கேட்கும் நிலையைப் போட்டுவிடுங்கோ.

புதுக்கடை_சட்டத்தரணி எழுதியது:

நான்காவது கேள்விக்கு வருகிறேன். மேலே சொன்னவை எல்லாம் தவறிய பிறகு தேவைப்படுவது இது.

மிரட்டல் வந்தால் பணம் கொடுக்க வேண்டாம். கொடுத்தவரிடம் மறுபடி கேட்பார்கள், தொகையும் ஏறும். கணக்கை அழிக்க வேண்டாம், போனை ரீசெட் செய்ய வேண்டாம், பயத்தில் உரையாடலை நீக்க வேண்டாம். பெற்றோர் ஆத்திரத்தில் முதலில் செய்வது இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும், அதோடு சாட்சியமும் போய்விடும்.

முதலில் ஸ்கிரீன்சொட். எதிராளியின் பயனர் பெயர், கணக்குப் பக்கம், நம்பர், மிரட்டும் வரிகள், திகதியும் நேரமும் தெரியும்படி. காட்சிப் பெயரை எவரும் மாற்றலாம், ஆகவே பயனர் பெயரும் கணக்கின் இணைப்பும் அவசியம். பணம் அனுப்பச் சொன்ன வங்கிக் கணக்கு, ரீலோட் போடச் சொன்ன நம்பர், இசி கேஷ் (போன் வழியாகப் பணம் அனுப்பும் சேவை) நம்பர் இருந்தால் அவைதான் மிகப் பெறுமதியான துண்டு. சிம்முக்கும் வங்கிக் கணக்குக்கும் பின்னால் ஓர் அடையாள அட்டை இலக்கம் இருக்கும். ஏற்கனவே பணம் அனுப்பிவிட்டிருந்தால் வங்கிக்கு உடனே அறிவித்து, பற்றுச்சீட்டை வைத்திருங்கள். இதற்குப் பின்பே செயலிக்குள் ரிப்போர்ட், பிறகு புளொக். வட்ஸ்அப்பில் ரிப்போர்ட் செய்தால் அந்த ஆள் அனுப்பிய கடைசி ஐந்து செய்திகள் நிறுவனத்துக்குப் போகும். அதே பெட்டியில் உரையாடலை நீக்கும் தெரிவும் இருக்கும், அதன் சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள்.

இனிச் சொல்வதை நன்றாகக் கவனிக்கவும். பிள்ளையின் அந்தரங்கப் படத்தைச் சாட்சியம் என்று எண்ணி உங்கள் போனுக்கோ, சித்தப்பாவுக்கோ, அதிபருக்கோ அனுப்பக் கூடாது. தண்டனைச் சட்டக் கோவையின் 286அ பிரிவு 18 வயதுக்குக் குறைந்தவரின் அப்படியான படத்தை எடுப்பது, பகிர்வது மட்டுமன்றி வைத்திருப்பதையும் குற்றமாக்குகிறது. நல்லெண்ணத்தில் பரப்பிய உறவினரும் அந்த வாசகத்துக்குள் வரலாம். ஸ்கிரீன்சொட் எடுக்க வேண்டியது மிரட்டலையும் ஆளையும்தான். படம் பிள்ளையின் போனில் இருந்தபடியே இருக்கட்டும், விசாரிப்பவர் பார்த்துக்கொள்வார்.

முறைப்பாட்டுக்கு: தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929, நாள் முழுவதும் இயங்கும், கட்டணமில்லை, தமிழில் பேசலாம். மடிவெலவில் உள்ள அவர்களின் அலுவலகத்திலேயே விசேட பொலிஸ் விசாரணைப் பிரிவு ஒன்று உண்டு. பொலிஸின் சிறுவர் மற்றும் பெண்கள் பணியகத்துக்கு 109. பிள்ளை ஆளைச் சந்திக்கப் புறப்பட்டுவிட்டால் அல்லது உயிராபத்து என்றால் 119, வேறு எதையும் யோசிக்க வேண்டாம். கணக்குத் திருடப்பட்டது, போலிக் கணக்கு போன்றவற்றுக்கு ஸ்ரீலங்கா சேர்ட் (நாட்டின் கணினி அவசர உதவி அமைப்பு) 101. எல்கே டொமைன் ரெஜிஸ்ட்ரி நடத்தும் ஹிதவதி சேவையும் எந்தத் தளத்தில் எப்படி முறையிடுவது என்று தமிழில் வழிகாட்டும். குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தில் கணினிக் குற்ற விசாரணைப் பிரிவு இருக்கிறது, எழுத்திலும் முறையிடலாம்.

பொலிஸ் நிலையத்துக்கு நேரே போவதானால், நடந்ததைத் திகதி வாரியாக ஒரே பக்கத்தில் தமிழில் எழுதி இரண்டு பிரதி கொண்டுபோங்கள். வாக்குமூலத்தைத் தமிழில் பதியக் கேட்பது உங்கள் உரிமை. சிங்களத்தில் எழுதப்பட்டால், தமிழில் வாசித்து விளக்கும்வரை கையொப்பம் வைக்க வேண்டாம். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். போனை ஒப்படைத்தால் அதற்கும் எழுத்தில் பற்றுச்சீட்டு.

தெஹிவளை_ஆலோசகர் எழுதியது:

சட்டத்தரணி ஐயா சொன்னதோடு இன்னொன்று. "டேக் இட் டவுன்" என்ற இலவச சேவை 2023இல் இருந்து இருக்கு, அமெரிக்காவில் காணாமற்போன, துஷ்பிரயோகத்துக்கு ஆளான சிறுவர்களுக்கான தேசிய நிலையம் நடத்துது, எந்த நாட்டிலிருந்தும் பாவிக்கலாம். படம் 18 வயதுக்கு முதல் எடுத்ததாக இருக்க வேணும். அங்கே படத்தைத் தெரிவு செய்தால் படம் வெளியே போகாது. போனுக்குள்ளேயே அதற்கு ஒரு கைரேகை மாதிரி இலக்கக் கோவை உண்டாக்கி அதை மட்டும் அனுப்பும். பேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டொக், ஸ்னப்சட் போன்றவை அந்தக் கோவையோடு பொருந்தும் படத்தை எடுத்துவிடும். பிள்ளையின் போனிலேயே செய்யுங்கோ, பிரதி எடுக்கத் தேவையில்லை. படத்தை வெட்டியோ நிறம் மாற்றியோ திரும்பப் போட்டால் கோவை மாறிவிடும், அதற்கு இன்னொரு முறை பதிய வேணும். வட்ஸ்அப்பில் கைமாறுவதை இது பிடிக்காது.

பிள்ளையோடு முதல் வார்த்தை "ஏன் அனுப்பினாய்" என்று வரக் கூடாது. "நீ சொன்னது நல்லது, இதுக்கு ஒரு வழி இருக்கு" என்று தொடங்குங்கோ. அன்றிரவு பிள்ளையைத் தனிய விடாதேங்கோ, அறைக் கதவு பூட்டாமல் இருக்கட்டும்.

வெள்ளவத்தை_அம்மா எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. அட்மினிடம் ஒன்று: மகளின் நம்பரை என் போனில் இரண்டாவது கணக்காகப் போட்டால் இப்ப இருக்கிற குரூப்கள் போய்விடுமா? வேன் குரூப்பில் லைவ் லொகேஷன் வருது, அதுவும் வேணும்.

நோட்ஸ்_குரூப்_அட்மின் எழுதியது:

குரூப்கள் போகாது, அவை நம்பரோடு கட்டியவை. பழைய உரையாடல்தான் வராது, அதனால் பம்பலப்பிட்டி_டெக் சொன்னபடி நோட்ஸை முதலில் எடுத்துவிடுங்க. 6 இலக்கக் கோட் அந்த சிம்முக்கு வரும், ஆகவே சிம்மை மாற்றிய பிறகுதான் கணக்கைச் சேர்க்க வேணும். பழைய சாம்சங்கில் வட்ஸ்அப் அதோடு தானாக வெளியேறிவிடும்.

லைவ் லொகேஷன் 15 நிமிஷம், 1 மணித்தியாலம், 8 மணித்தியாலம் என்று மூன்று தெரிவில் வரும். 30 வீட்டுப் பெற்றோர் இருக்கிற குரூப்பில் 8 மணித்தியாலம் ஓடவிட்டால், எந்தப் பிள்ளை எந்த ஒழுங்கையில் எத்தனை மணிக்கு இறங்குது என்று குரூப்பில் இருக்கிற எல்லாருக்கும் பாடம். வேன் ஓடும் நேரத்துக்கு மட்டும் 1 மணித்தியாலம் போடச் சொல்லுங்க, காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. அதோடு "மகள் இன்றைக்கு வரமாட்டா, வீட்டில் தனிய இருக்கிறா" என்று அந்தக் குரூப்பில் எழுதாதீங்க. வேன் அண்ணாவின் நம்பருக்குத் தனியா அனுப்புங்க.